புது மோல்டு கேட்பதற்கு முன்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் மெயில் வந்தது. லெகோ கட்டையோடு சேர்கிற மாதிரி மாட்டுச் சந்தை பொம்மை செட் ஒன்று டிசைன் செய்கிறாய். ஆறு ஆள் பொம்மைக்கும் ஒரு காங்கேயம் காளைக்கும் சேர்த்து மொத்தம் இரண்டே புது மோல்டுதான் (பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு), மீதியை ஏற்கெனவே இருக்கும் பீஸ்களை வைத்தே செய் என்று உங்கள் ஆசிரியை சொன்னதில் உனக்குக் கோபம். "கையைக் கட்டிப் போட்டுவிட்டு டிசைன் பண்ணு என்றால் எப்படி அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொல்லலாம் என்றால், பாதியில் உன் அம்மா வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கதைக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் உங்கள் ஆசிரியை பக்கம்.

நீ கம்ப்யூட்டரில் ஒரு வளைவை இழுத்து விடுகிறாய். அதுவே கோவை கணபதியில் மோல்டு செய்யும் நம் டூல் ரூமுக்கு வந்தால் ஸ்டீல். ஒருவர் மில்லிங்கில் ஓட்ட வேண்டும், மூலைகளை மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எடுக்க வேண்டும், அப்புறம் உட்கார்ந்து பாலிஷ். சந்தையில் தக்காளி விற்கும் அந்த ஆத்தாவின் கொண்டைக்குக் கீழே அழகாக ஒரு குழிவு வைத்திருக்கிறாயே, அது அண்டர்கட். மோல்டு நேராகத் திறந்தால் பீஸ் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பக்கவாட்டில் நகர்ந்து விலகும் ஒரு துண்டு, அதாவது ஸ்லைடு, போட வேண்டும். ஸ்லைடு வந்தால் மோல்டு பெரிதாகும், மெஷின் பெரிதாகும், ஒவ்வொரு தடவை வார்ப்பதற்கும் நேரம் கூடும். மிக்ஸி ஜார் மூடிக்கே இந்தக் கணக்கு பார்க்கிறோம். நீ கேட்பது ஆறு தலைக்கு ஆறு முடி.

டென்மார்க்கில் நீ படிக்கும் கோல்டிங்குக்குப் பக்கத்தில்தானே லெகோவின் ஊரான பில்லுண்ட்? இந்தக் கணக்கைப் பார்க்காமல் போனதன் கதை அங்கேயே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் லெகோவிடம் சுமார் 6,000 வகை பீஸ்கள் இருந்தன. 2004-இல் அது 12,000-ஐத் தாண்டிவிட்டது. டிசைனர் கேட்டபோதெல்லாம் புது மோல்டு. ஒரு செட்டுக்கு மட்டும் உதவி, அப்புறம் அலமாரியில் தூங்கும் மோல்டு எத்தனை இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கம்பெனி முழுகப் பார்த்ததற்கு இது மட்டும் காரணம் இல்லை. தீம் பார்க், வீடியோ கேம், துணிமணி என்று தெரியாத தொழிலிலெல்லாம் கால் வைத்திருந்தார்கள். ஆனால் 2004-இல் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் என்ற 35 வயதுக்காரர் தலைமைக்கு வந்ததும் கை வைத்த முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. பீஸ் வகைகளைப் பாதிக்கு அருகில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே டிசைனர்களுக்கு ரேஷன்தான்: இத்தனை புது மோல்டு, அவ்வளவுதான். இருக்கிற பீஸைப் புது நிறத்தில் கேட்டாலும் கணக்கில் வரும். ஏன் தெரியுமா? மோல்டு பழசாக இருந்தாலும் கிடங்கில் அதற்குத் தனிப் பெட்டி, தனி இருப்பு, தனிக் கணக்கு வேண்டுமே.

ரேஷன் வந்ததால் டிசைன் செத்துப்போகவில்லை. 2021-இல் வந்த போன்சாய் மரம் செட்டை எடுத்துப் பார். அதில் இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பது பூவே இல்லை, தவளை! குளத்தில் வைக்கச் செய்த குட்டித் தவளையை இளஞ்சிவப்பில் வார்த்து, கொத்துக் கொத்தாகக் கிளையில் செருகிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செர்ரிப் பூ, கிட்டப் போனால் தவளை. கேட்ட மோல்டெல்லாம் கையில் கிடைத்திருந்தால் யாருக்காவது இந்தக் குறும்பு தோன்றியிருக்குமா, சொல்லு.

ஜெர்மனியில் இதைவிடப் பெரிய நெருக்கடி. 1973-இல் கச்சா எண்ணெய் விலை ஏறியதும் பிளாஸ்டிக் விலையும் கூடவே ஏறியது. பிராண்ட்ஸ்டாட்டர் என்பவரின் கம்பெனி அதுவரை குழந்தைகள் ஏறி ஓட்டும் வண்டி மாதிரி பெரிய பெரிய சாமான்களைச் செய்துகொண்டிருந்தது. அத்தனை பிளாஸ்டிக்கை ஊற்றி இனிக் கட்டுப்படியாகாது. கொஞ்சம் பிளாஸ்டிக்கில் நிறைய விளையாட்டு வேண்டும். அவர்களிடம் ஹான்ஸ் பெக் என்ற டிசைனர், தச்சு வேலை படித்தவர், சில வருஷமாக ஒரு சின்ன மனித உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உயரம் 7.5 சென்டிமீட்டர், குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவு. இரண்டு காலும் சேர்ந்தே மடங்கும். முகத்தில் கண்ணும் சிரிப்பும் உண்டு, மூக்கு கிடையாது. சின்னக் குழந்தை மனுஷனை வரைந்தால் அப்படித்தானே வரையும்? 1974-இல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் பிளேமொபில் என்று அது வெளியே வந்தது. உடம்பு ஒன்றேதான். தொப்பியும் சட்டையும் கைச்சாமானும் மாறினால் போர்வீரன், கட்டடத் தொழிலாளி என்று ஆளே மாறிவிடுவான்.

லெகோ ஆள் 1978-இல் வந்தான். யென்ஸ் நிகோர் நுட்சன் தலைமையில் செய்தது. எனக்கு அதில் பிடித்தது முகம் இல்லை, அளவுதான். கட்டையின் மேல் இருக்கும் குமிழ் 4.8 மி.மீ. ஆளின் காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் அது உட்காரும். தலை உச்சியிலும் அதே குமிழ்தான், அதில் முடி மாட்டலாம், தொப்பி மாட்டலாம், கட்டையையே கூட வைக்கலாம். உள்ளங்கை 3.2 மி.மீ. கம்பியைப் பிடிக்கும். ஆக, பிறந்த அன்றைக்கே அதுவரை வார்த்த கட்டைகளோடெல்லாம் அவனுக்குச் சொந்தம் வந்துவிட்டது.

இந்தச் சொந்தத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., ஆனால் ஒற்றைக் குமிழ் கட்டையின் அகலம் 7.8. பக்கத்துக்கு 0.1 விட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் வரிசையாக அடுக்கும்போது முட்டும். கட்டைக்கு உள்ளே குழாய் வைத்து இறுகப் பிடிக்கவைக்கும் யோசனைக்கு 1958 ஜனவரி 28-இல் காப்புரிமை கேட்டார்கள். அந்த வருஷத்துக் கட்டை இன்றைய கட்டையிலும் மாட்டும். 1963-இல் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், முன்பு போட்ட பிளாஸ்டிக் நாளாக ஆக வளைந்துகொண்டதால். ஏபிஎஸ்ஸும் ஆறும்போது நூற்றுக்கு அரை அளவு சுருங்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சுருக்கத்தையும் முன்கூட்டியே மோல்டில் சேர்த்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் நிறுத்துகிறார்கள். இதை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. நம் டூல் ரூமில் சொன்னபோது ஒருத்தரும் பேசவில்லை.

சேகரிக்கிற பொம்மை பற்றியும் எழுதியிருந்தாய். 2010-இல் லெகோ உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பையில் ஆள் பொம்மை விற்க ஆரம்பித்தது, ஒரு வரிசைக்கு 16 பேர். ஆட்கள் கடையில் நின்று பையைத் தடவித் தடவி, இது வாள், இது கிடார் என்று கண்டுபிடிப்பார்களாம். 2023-இல் அட்டைப் பெட்டிக்கு மாறியதும் அந்த வேலை போய்விட்டது. இந்தத் தெரியாப்பெட்டி வியாபாரம் எனக்கு உவப்பில்லை, சுரண்டிப் பார்க்கும் லாட்டரி மாதிரிதான் படுகிறது. ஆனால் அதை நடத்தும் தந்திரத்தைக் கவனி. உடம்பு மோல்டு பழசு, கால் பழசு, தலை பழசு. ஆளை மாற்றுவது பெரும்பாலும் பேட் பிரிண்டிங், அதாவது மெத்தென்ற ரப்பர் முத்திரையால் மையை ஒற்றுவது. முகமும் சட்டையும் அச்சில் முடிந்துவிடும். மோல்டோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு. மிச்சப்படுத்திய காசைக் கையில் பிடிக்கும் ஒரு சாமானிலோ தலையில் போடும் ஒன்றிலோ கொட்டுகிறார்கள்.

சரி, உன் சந்தைக்கு வருவோம். இரண்டில் ஒரு மோல்டு காளைக்கு. அதில் பேச்சே இல்லை, திமில் இல்லாமல் காங்கேயம் காளை உண்டா? ஆனால் கொம்பை உடம்போடு சேர்க்காதே. லெகோ மாட்டுக்கே தலையில் ஓட்டை விட்டுத்தான் கொம்பைச் செருகுகிறார்கள். இருக்கிற கொம்பு பீஸிலேயே ஒன்றை எடுத்துக்கொள். திமிலைக் கெட்டியாக விடாதே, கனமான இடத்தில் சிங்க் மார்க் விழுந்து மேலே குழியாகிவிடும். அடியிலிருந்து குடைந்து விடு. நாலு காலுக்கும் நடுவில் உள்ள தூரம் 8-இன் மடங்கில் வரட்டும், அப்போதுதான் கட்டை மேல் நிற்கும். காளையின் திமில், கழுத்துக் கறுப்பை பிரிண்டில் பார்த்துக்கொள்.

இரண்டாவது மோல்டு உருமாலுக்கு, அதாவது தலைப்பாகைக்கு. ஆறு பேரில் மூன்று பேர் மாட்டு வியாபாரிகள், உருமால் ஒன்று போட்டால் மூன்று பேருக்கும் ஆகும். சந்தைக்கு வெளியேயும் எத்தனையோ செட்டுக்கு ஆகும் என்று உங்கள் ஆசிரியையிடம் சொல். அதுதான் வாதம். ஆத்தாவின் கொண்டைக்கு இருக்கிற கொண்டை முடியே போதும். அவள் தலையில் கூடை வேண்டும் என்கிறாய். முடி மாட்டாமல் விட்டால் உச்சியில் குமிழ் இருக்கிறது, அதன் மேல் கூடையை வைக்கலாம், ஆனால் கொண்டை இருக்காது. கொண்டையும் தெரிய வேண்டும் என்றால் மேலே குமிழ் உள்ள முடி பீஸ் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடு. உங்கள் லேபில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள் என்றாயே.

இன்னொன்று. கொம்பு மாதிரி சின்ன பீஸ் இருப்பதால் பெட்டியில் மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்று போட்டுத்தான் ஆக வேண்டும். பொம்மைப் பாதுகாப்புக்கு 31.7 மி.மீ. குறுக்களவில் ஒரு சோதனைக் குழாய் உண்டு, அதில் முழுதாக அடங்குவது எதுவும் சின்னப் பிள்ளை தொண்டையில் அடைக்கும் என்று கணக்கு. இதை ஆசிரியை கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

உங்கள் காலேஜில் மோல்டு பார்க்கும் ஆள் யாராவது இருந்தால் ஒரு மத்தியானம் போய் உட்கார். டேனிஷ் வராவிட்டால் பரவாயில்லை, மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு, அந்தப் பார்ட்டிங் லைனைக் கையால் காட்டினாலே புரிந்துகொள்வார்.

காளையின் ஸ்டெப் ஃபைலை (முப்பரிமாண வரைபட ஃபைல்) அனுப்பு, படமாக அனுப்பாதே, அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே பசங்களிடம் காட்டி ஸ்லைடு இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்டு, அடுத்த வாரத்துக்குள் சொல்கிறேன். அம்மா பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறாள். வந்தால் அவளுக்குத் தனியாகப் போன் பண்ணிச் சொல், எனக்குச் சொன்னால் மறந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா