தண்ணீரை அவரே ஊற்றிக்கொள்ளட்டும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். சனிக்கிழமை சம்பந்தி எடின்பரோவுக்கு வருகிறார் என்று மேசையை அழகாக அடுக்கியிருக்கிறாய், நான் கொடுத்த 12 வருஷ கிளென்லிவெட் விஸ்கி நடுவில் நிற்கிறது, ஆனால் பக்கத்தில் ஐஸும் கோலாவும் மட்டும்தான், தண்ணீரைக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சின்ன ஜாடி ஒன்றில் சாதாரணத் தண்ணீர் வை. விஸ்கியை நீ ஊற்று, முதலில் 25 மில்லி போதும். தண்ணீரை மட்டும் அவர் கையாலேயே விட்டுக்கொள்ளட்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் பக்கத்து வீட்டுத் தாத்தா. உனக்கு ஞாபகம் இருக்கும், ஆயுசு முழுக்க விஸ்கி பீப்பாய் கட்டியவர். ஸ்காட்லாந்தில் இந்த எல்ஜின் ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் பார்த்ததுதான், மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு இருமினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கைகளைத் தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். சாராய நெடி பறந்துபோனதும் மிச்சம் நின்றது வறுத்த தானியமும் தேனும் ஈர மர வாசனையும். "அந்த மரம் என் வேலை" என்றார். அதற்கப்புறம்தான் ஜாடியை என் பக்கம் நகர்த்தினார்.

ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 வருஷம் ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் சட்டப்படி ஒரு விஸ்கிக்கு ஸ்காட்ச் என்று பேர். 12 என்று போட்டிருந்தால் அதில் சேர்ந்தவற்றில் இளையதற்கே அந்த வயசு. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 2 சதவீதம் காற்றோடு போய்விடும், தேவதைகளின் பங்கு என்பார்கள் இங்கே. அப்படி மிஞ்சியதைக் கோலாவில் கரைக்க எனக்கு மனசு வராது. ஆனால் சம்பந்தி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு, அதற்கென்று ஒரு பிளெண்டட், அதாவது பல விஸ்கிகளைக் கலந்த பாட்டில் வாங்கி வைத்துக்கொள்.

கிளாஸ் வயிறு பருத்து வாய் குறுகியதாக இருக்கட்டும், அப்போதுதான் மணம் உள்ளேயே நிற்கும். மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்து முகர வேண்டும். அப்புறம் ஒரு வாய், அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணீர். 2017-ல் சுவீடனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் சேர்ந்தால் புகைமணம் தருகிற குவாயகோல் மேற்பரப்புக்கு வருகிறதாம். தாத்தாவுக்கு அது மூக்காலேயே தெரிந்திருந்தது. ஐஸ் மணத்தைக் கட்டிப்போட்டுவிடும், கேட்டால் மட்டும் போடு.

ஐலா தீவு விஸ்கியான லஃப்ராய்க்கை எடுத்த எடுப்பில் திறக்காதே. முளைவிட்ட பார்லியை பீட் என்கிற சதுப்பு நிலக் கரிமண்ணின் புகையில் காயவைப்பதால் எனக்கு அதில் ஆஸ்பத்திரி வார்டில் டிஞ்சர் போட்ட நாட்களின் வாசனை வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் கடைசியில்தான், அதுவும் ஆசைப்பட்டால்.

அம்மா அனுப்பிய காரச் சேவு பொட்டலத்தை அந்த நேரத்தில் வெளியே எடுக்காதே, மிளகாய் பட்ட நாக்குக்கு எதுவும் தெரியாது. வறுத்த முந்திரி வை. சம்பந்தியம்மா வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை கேட்காதே.

முக்கியமாக, அவர் நியூகாசிலிலிருந்து கார் ஓட்டி வருகிறார். அங்கே இங்கிலாந்தில் ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விடுகிறார்கள், இங்கே ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50தான். கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், ராத்திரி தங்கச் சொல்லிவிடு, படுக்கையை முன்னாடியே போட்டு வை.

மிச்சமிருக்கிற பாட்டிலை நிமிர்த்தியே வை, படுக்க வைத்தால் கார்க்கை அரித்துவிடும். அடுத்த மாசம் நான் வரும்போது எனக்கும் ஒரு 25 மில்லி இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா