எந்த ஆபிஸ்ல கொடுத்தாலும் கேஸ் சரியான எடத்துக்குப் போகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுன்ல சின்னதா ஒரு போட்டோஸ்டேட் கடை வெச்சிருக்கேன், தோட்டத்து ஆளுங்க பாரம் நிரப்ப, லெட்டர் ஸ்கேன் பண்ண தினம் வருவாங்க. போன வருசம் ஒரு அக்கா வந்தாங்க. ரொட்டி பிளாஸ்டிக்குள்ள ஐசி (அடையாள அட்டை) கூட சேத்து வேலைய விட்டு நிறுத்துன லெட்டர், நாலா மடிச்சு மடிச்சு மடிப்பெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. ஒரு ஆபிஸ்ல போயி உக்காந்திருக்காங்க, அது எங்க வேலை இல்லன்னு அனுப்பி, அப்புறம் இன்னொரு ஆபிஸ், பஸ்ஸுக்கே காசு போயி, கடைசியில என் கடைக்கு வந்தப்ப நான் காலண்டர்ல விரல வெச்சு எண்ணிப் பாத்தேன், வேலைய விட்டு நிறுத்தி 63 நாள் ஆச்சு. 1967 தொழில் உறவுச் சட்டம் 20வது பிரிவுல வேலைநீக்கத்த எதுத்து மனு போட 60 நாள்தான். மூணு நாள்ல போச்சு. அவங்க சோம்பேறியா இருந்து விடல, அலைஞ்சுகிட்டேதான் இருந்தாங்க.

சம்பள பாக்கின்னா லேபர் ஆபிஸ், வேலைய விட்டு நிறுத்துனா தொழில் உறவு இலாகா, கடையில வாங்குன ஐஸ்பெட்டி கெட்டுப்போச்சுன்னா பயனீட்டாளர் நடுவர் மன்றம், 5,000 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) கடன் தகராறுன்னா மஜிஸ்திரேட் கோர்ட்டு. ரப்பர் பால் வெட்டுற ஆளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? இந்தப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, 5 வெள்ளி கட்டுனா 50,000 வெள்ளி வரைக்கும் லாயர் இல்லாம கேக்கலாம், ஆன்லைன்லயும் போடலாம். ஆனா ஒரு எடத்துல அப்லோட் பண்ணுன லெட்டர இன்னொரு எடத்துல மறுபடி முதல்லேர்ந்து அப்லோட் பண்ணணும், இத நான் கடையில தினம் பாக்குறேன்.

அதனாலதான் சொல்றேன், ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியா பெரிய சிஸ்டம் கட்டாம அடுக்கு டிபன் கேரியர் மாதிரி கட்டணும். ஐசி சரிபாக்குறது ஒரு அடுக்கு, கேள்வி கேட்டு எந்த எடம்னு காட்டுறது ஒரு அடுக்கு, பத்திரம் வாங்குறது, சமரசம் பேசுறது, விசாரணை எல்லாம் ஒவ்வொரு அடுக்கு, எல்லா மன்றமும் அதையே எடுத்துப் பயன்படுத்தலாம், ஒண்ணு நசுங்குனா அத மட்டும் மாத்துனா போதும். மொழியும் தனி அடுக்கா இருந்தா தமிழ சேக்க மொத்தத்தையும் பிரிக்க வேணாம். வீடியோ விசாரணைய கட்டாயமாக்கக் கூடாது, எங்க தோட்டத்து லயத்து வீடுங்க பக்கம் இன்டர்நெட் லைன் வரவே வராது, போன்ல பேசவும் வழி வேணும்.

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியால 2016லேயே ஆன்லைன் தீர்ப்பாயம் தொடங்கிட்டாங்க. முதல்ல சாதாரண மொழியில கேள்வி கேக்கும், உங்க பிரச்சன என்ன, எங்க போகணும்னு சொல்லும், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிப் பாக்கலாம், ஆகலன்னா நடுவுல ஒரு ஆளு வந்து பேசுவாரு, அப்பவும் முடியலன்னாதான் தீர்ப்பு.

ஆனா சாஃப்ட்வேர் மட்டும் பத்தாது. மனுவ முதல்ல எந்த ஆபிஸ்ல கொடுத்தாலும் கொடுத்த அன்னைய தேதிதான் மனு தேதின்னு சட்டத்துலயும் எழுதணும், தப்பான எடத்துல குடுத்தாலும் அந்தத் தேதியோடயே அது சரியான எடத்துக்குப் போகணும். அந்த அக்காவுக்கு இது மட்டும் இருந்திருந்தாலே போதும்.

இதெல்லாம் வர்றதுக்கு நாளாகும்னு தெரியும். அதுவரைக்கும் இந்த 60 நாள் கணக்க உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல போடுங்க, நான் வெட்டி கடைச் செவத்துல ஒட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்