மாப்பிள்ளை, சைக்கிளை விற்காதே

அன்பு மாப்பிள்ளை,

நாங்கள் நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று தங்கை போனில் சொன்னாள். உன் மகனுக்கு வேலை கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அவனுக்குத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும், உன் சைக்கிளைப் பற்றி. அந்த விபத்துக்குப் பிறகு அதை விற்கப் போகிறாயாமே? விலை பேசி முடித்துவிடாதே. இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது பொறு.

போன ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் ஐந்து பெரும் பகுதிகளையும் சைக்கிளில் சுற்றி வந்தேன். ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிறன்று நடக்கும் 'ஃபைவ் பரோ பைக் டூர்' அது. மன்ஹாட்டனின் தென்முனையில் கிளம்பி, பிராங்க்ஸ், குவீன்ஸ், புரூக்ளின் வழியாக ஸ்டேட்டன் ஐலண்டில் முடிகிறது. ஏறத்தாழ 64 கிலோமீட்டர். நம் கூட்டாளிகள் 'தபால்காரனும்' 'ஜமீந்தாரும்' உடன் வந்தார்கள். ஜமீந்தார் கொஞ்சமும் மாறவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் பின்சக்கரத்தில் காற்று இல்லை என்று கண்டுபிடித்தான். தபால்காரன் திட்டிக்கொண்டே காற்றடித்துக் கொடுத்தான். நீ இருந்திருந்தால் அந்த வேலை உன்னுடையது.

இது பந்தயமே இல்லை. முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் ஒரே மரியாதை. 1977இல் முதன்முதலாக நடந்தபோது சுமார் 250 பேர்தான் ஓட்டினார்களாம். இப்போது 32,000 பேர் வரை வருகிறார்கள். அத்தனை பேருக்காக வழிநெடுகக் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். நடத்துகிற 'பைக் நியூயார்க்' ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. இதில் வரும் பணத்தைக் கொண்டு நகரத்தில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆறாவது அவென்யூவில் ஏறியதும் முதலில் என்னைத் தாக்கியது சத்தம்தான். வேலை நாட்களில் அந்தச் சாலையைக் கடப்பதற்கே பொறுமை வேண்டும். டாக்சி, லாரி, ஹாரன். அன்று அங்கே கேட்டதெல்லாம் ஆயிரக்கணக்கான சக்கரங்களின் சரசரப்பும் மணியோசையும் மனிதக் குரல்களும். எனக்கு முன்னால் ஒருவர் பின்னிருக்கையில் மகளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை உயரமான கட்டடங்களில் ஒன்றைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த எண் அட்டையின் ஒரு மூலையை நகத்தால் உரித்துக்கொண்டே வந்தது. பாதி உரித்த பிறகு என்னைப் பார்த்தது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையசைத்தேன்.

அந்தச் சாலையின் கதையையும் கேட்டுக்கொள். 1980இல் மேயர் எட் காச் ஆறாவது அவென்யூ உட்படச் சில சாலைகளில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒதுக்கித் தடுப்பும் கட்டினார். எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களிலேயே எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டார். 1987இல் அதே மேயர், வேலை நாட்களின் பகல் நேரத்தில் மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனின் முக்கியமான மூன்று அவென்யூக்களில் சைக்கிளே வரக்கூடாது என்று தடை கொண்டுவந்தார். தோளில் பையை மாட்டிக்கொண்டு, கடிதமும் பார்சலும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் கூட்டமாகச் சாலையை அடைத்துக்கொண்டு நடைவேகத்தில் ஓட்டினார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். தடை நிலைக்கவில்லை. அந்த மேயரின் பெயரை 2011இல் குவீன்ஸ்பரோ பாலத்துக்குச் சூட்டினார்கள். அந்தப் பாலத்தின் மேல்தான் நாங்கள் அத்தனை பேரும் சைக்கிளில் போனோம். சைக்கிளில் பிழைத்த அவர்கள் அன்றைக்குச் சைக்கிளை விற்றுவிட்டு வேறு வேலை தேடிப் போயிருந்தால் அந்தத் தடையை யார் எதிர்த்திருப்பார்கள், மாப்பிள்ளை?

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் பார்க்கில் பாதை குறுகும் இடத்தில் இறங்கித் தள்ளவேண்டி வந்தது. அதைவிட எரிச்சல், நடுச்சாலையில் சட்டென்று நின்று படம் எடுக்கிறவர்கள். பின்னால் நூறு பேர் வருவது தெரிந்தும் நிற்கிறார்கள். ஓரமாகப் போய் நின்றால் என்ன குறைந்துவிடும்? தபால்காரன் ஒருவரிடம் கேட்டே விட்டான். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

ஹார்லெம், பிறகு பிராங்க்ஸில் ஒரு சின்ன வளைவு, மறுபடி மன்ஹாட்டன். அங்கிருந்து கிழக்கு நதியை ஒட்டிய எஃப்.டி.ஆர். டிரைவ். மற்ற நாட்களில் சைக்கிளுக்கு அனுமதியில்லாத விரைவுச்சாலை அது. ஓரிடத்தில் பூங்காவுக்கு அடியில் புகுந்து போகிறது. இருட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் மணியடித்துக் கூச்சல் போட்டார்கள். ஜமீந்தாரின் குரல் தனியாகக் கேட்டது.

இனி நான் சொல்லவந்த விஷயம். குவீன்ஸ்பரோ பாலத்தில் ஏறி, குவீன்ஸ் பக்கம் இறங்கும்போது எல்லோருக்கும் நல்ல வேகம். எங்கோ முன்னால் தடை. முதலில் ஒரு கை இடுப்புக்குக் கீழே உள்ளங்கை பின்னோக்கி விரிந்தது. அடுத்தவர் கை, அதற்கடுத்தவர் கை. "நிற்கிறோம், நிற்கிறோம்" என்ற குரல் பின்னோக்கி வந்தது. நானும் கையை நீட்டினேன், கத்தினேன். எனக்குப் பின்னாலும் அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. இறக்கத்தில் அத்தனை பேர் நின்றோம். ஒரு சக்கரம்கூட இன்னொன்றில் மோதவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத கூட்டம் அது.

அந்த இடத்தில் உன் நினைவு வந்தது. உன்னைக் கீழே தள்ளியது சைக்கிள் இல்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் ஒருவன் திறந்த கார்க் கதவு. காறை எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லியாயிற்று. நீ பயப்படுவது நியாயம்தான். அந்தக் கதவு எனக்கும் இரண்டு மூன்று முறை கனவில் வந்தது. ஆனால் அதற்குப் பதில் சைக்கிளைத் தலைமுழுகுவது ஆகாது. நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டருக்கும் கூடுதலாகத் தள்ளியே ஓட்டு. பின்னால் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும், ஓரத்தில் ஒதுங்காதே. நெளியாமல் நேராக ஓட்டு. நீ அடுத்து என்ன செய்வாய் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். முக்கியமாக, தனியாகப் போகாதே. நாலு பேர் சேர்ந்து போனால் காரோட்டியின் கண்ணுக்குத் தப்ப முடியாது.

புரூக்ளின் விரைவுச்சாலைப் பகுதி சலிப்பு. எதிர்க்காற்று வேறு. அதைத் தாண்டினால், ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போகும் வெரசானோ நேரோஸ் பாலம். 1964இல் திறந்தார்கள். 1981 வரை உலகத் தொங்குபாலங்களில் கோபுரங்களுக்கு நடுவே மிக நீளமான இடைவெளி இதற்குத்தான், 1,298 மீட்டர். இரண்டு கோபுரங்களும் அடியில் இருப்பதைவிட உச்சியில் ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் விலகி நிற்கின்றனவாம்; பூமியின் வளைவே அதற்குக் காரணம். நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ அதில் பாதை கிடையாது. இதுபோன்ற நாளில்தான் ஏற முடியும். நடுப்பகுதி தண்ணீரிலிருந்து கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டருக்குமேல் மிதித்த காலோடு அந்த ஏற்றத்தில் ஏறவேண்டும். பலர் இறங்கித் தள்ளினார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. நான் இலகுவான கியருக்கு மாற்றி, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். தொடை எரிந்தது. பக்கவாட்டில் கடற்காற்று சைக்கிளையே நகர்த்தப் பார்த்தது. உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு பக்கம் துறைமுகம், தூரத்தில் காலையில் கிளம்பிய அதே மன்ஹாட்டன். இதை நம் காலால் மிதித்துக் கடந்து வந்தோம் என்ற எண்ணம் இப்போது எழுதும்போதும் சிலிர்க்கவைக்கிறது.

திரும்பி வர ஸ்டேட்டன் ஐலண்ட் படகு, கட்டணமே இல்லை, இருபத்தைந்து நிமிடப் பயணம். வரிசைதான் நீளம். ஜமீந்தார் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

அடுத்த மே மாதம் நீ இங்கே வரவேண்டும். பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், உன் பெயரையும் நானே போடுகிறேன். அதுவரை ஞாயிறு காலைகளில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து யாரையாவது கூட்டிக்கொண்டு ஓட்டு. சங்கிலி துருப்பிடித்திருக்கும், எண்ணெய் போடு. இத்தனை நாள் நின்ற டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். பிரேக் கட்டைகளை யோசிக்காமல் மாற்றிவிடு. தங்கைக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அவளிடம் நான் பேசுகிறேன், அதை என் பொறுப்பில் விடு.

விற்கவில்லை என்று இந்த வாரமே ஒரு வரி எழுது. விற்பதானால் தனக்கே கொடுக்கச் சொல்லித் தபால்காரன் நச்சரிக்கிறான். அவனுக்கும் கொடுக்காதே.

உன் மச்சான்