நடக்காத குழந்தைக்குக் காயம் எப்படி வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்றவர்களே கைக்குழந்தையைக் கொன்ற செய்தி உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் வருகிறது. குழந்தையின் வயது, கைதானவர்களின் படம், போலீசார் விசாரித்து வருகிறார்கள் என்ற கடைசி வரி. படிக்கிறவர்கள் பதறுகிறார்கள், சாபம் விடுகிறார்கள், ‘இவர்களெல்லாம் மனுஷங்களா’ என்று கேட்கிறார்கள். நாலைந்து நாளில் பேச்சு அடங்கிவிடுகிறது. நான் குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தை செத்த நாளைப் பற்றி எழுதுகிறீர்கள். அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். காப்பாற்ற வழி இருந்தது பல சமயம் அந்த வாரங்களில்தான்.

எங்கள் பிரிவில் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். எந்தக் கைக்குழந்தை வந்தாலும் முழுத் துணியையும் கழற்றித்தான் எடை பார்க்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. சளிக்கு வந்த குழந்தைக்கு எதற்கு இதெல்லாம் என்று பெற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் விடமாட்டார். ஒருமுறை, பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இன்னும் குப்புற விழாத குழந்தை. துணியைக் கழற்றி, எடை பார்த்து, தலையைத் திருப்பியபோது காதுக்குப் பின்னால் கட்டை விரல் அளவுக்குக் கன்றிப் போயிருந்தது. சிஸ்டர் அதோடு நிற்கவில்லை. மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். உதட்டையும் ஈறையும் இணைக்கும் சின்னச் சவ்வு கிழிந்திருந்தது. பால் புட்டியை வாயில் வேகமாகத் திணித்தாலோ, அழுகிற வாயைக் கையால் அமுக்கினாலோ அது அப்படிக் கிழியும். கிலுகிலுப்பை விழுந்துவிட்டது என்றார் தாய். மூத்த பிள்ளை தள்ளிவிட்டான் என்றார் தகப்பன். இருவரும் ஒரே அறையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

எக்ஸ்ரே எடுத்ததில் முதுகுப் பக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்து கூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. குழந்தையின் மார்பை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கும்போது முறிகிற இடம் அது. புதிதாக முறிந்திருந்தால் எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படாமலே போகலாம். எலும்பு கூடும்போது அந்த இடம் திரண்டு தெரியும். அப்படியென்றால் காயம் பட்டுக் குறைந்தது ஒன்றிரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறொரு இடத்தில் குழந்தையைக் காட்டியிருக்கிறார்கள். காதில் இருந்த காயத்துக்குத் தடவக் களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது, ஆசிரியர் அவர்களே. மூத்த சிஸ்டர் துணியைக் கழற்றச் சொன்னதால் பிழைத்தது.

தவழாத, எதையும் பிடித்து நிற்காத குழந்தைக்குத் தானாகக் காயம் படுவது மிக அபூர்வம். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஆறு மாதத்துக்குக் குறைந்த 366 குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். கன்றிய காயம் இருந்தது 2 பேருக்கு மட்டும். நடக்கத் தொடங்கிய குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. நடக்கிற பிள்ளை விழும், நெற்றியிலும் முழங்காலிலும் அடிபடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. நாலு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும், நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காதிலோ கழுத்திலோ வயிறு மார்பு முதுகிலோ கன்றியிருந்தாலும், அதற்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும். பார்க்கிறவர் மருத்துவராக இருந்தாலும் சரி, பாட்டியாக இருந்தாலும் சரி.

இந்தச் சின்னக் காயங்களை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்கலாம். 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வைச் சொல்கிறேன். கொடுமைக்கு ஆளானது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரங்களைத் தோண்டிப் பார்த்தபோது, நாலில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு சிறு காயம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் கன்றிய தடம், அல்லது வாய்க்குள் காயம். கொடுமை இல்லை என்று முடிவான குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. அந்த முன்காயங்களில் பத்துக்கு நாலு மருத்துவத் துறையைச் சேர்ந்த யாரோ ஒருவருக்குத் தெரிந்தே இருந்திருக்கின்றன. கொடுமையால் தலையில் அடிபட்ட 173 குழந்தைகளைப் பற்றிய 1999-ஆம் ஆண்டு ஆய்விலும் இதே கதைதான். 54 பேரை முதலில் பார்த்த மருத்துவர்கள் விஷயத்தைக் கண்டுபிடிக்கவில்லை. வாந்தி, சோர்வு, எரிச்சல் என்று வந்தால் வயிற்றுக் கோளாறு என்றோ காய்ச்சல் என்றோ நினைத்துவிடுவது எளிது. அப்படித் தவறவிட்டவர்களில் 5 குழந்தைகள் இறந்தார்கள். முன்பே கண்டுபிடித்திருந்தால் 4 பேர் பிழைத்திருக்கலாம் என்று அந்த ஆய்வை நடத்தியவர்களே எழுதினார்கள்.

பெற்றவர்கள் இப்படிச் செய்வார்களா என்று நம்ப மனம் வராததுதான் பாதிச் சிக்கல். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1962-ல் இதைப் பற்றி எழுதியபோது, 71 மருத்துவமனைகளில் கேட்டு ஒரே ஆண்டில் 302 குழந்தைகளின் விவரம் திரட்டினார்கள். 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் இது மருத்துவர்கள் வாய்விட்டுப் பேசும் விஷயமானது.

இனி அழுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே யாரும் பேசாத விஷயம் இது. ஆரோக்கியமான குழந்தையே இரண்டு வாரத்திலிருந்து கூடக் கூட அழும். ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும். பிரேசல்டன் என்ற மருத்துவர் 1962-ல் கணக்கெடுத்தபோது ஆறு வாரக் குழந்தை ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் அழுதது. பெரும்பாலும் சாயங்காலம், ராத்திரி. பசி இல்லை, ஈரம் இல்லை, காய்ச்சல் இல்லை, தூக்கினாலும் அழும், போட்டாலும் அழும். மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடும். இதை யாராவது முன்கூட்டியே அந்தத் தாய் தகப்பனிடம் சொல்லியிருக்கிறார்களா? தடுப்பூசி அட்டை கொடுக்கிறோம், தொப்புளைச் சுத்தமாக வைக்கச் சொல்கிறோம். ‘இது விடாமல் அழும், உங்கள் தப்பு ஒன்றும் இல்லை’ என்று ஒரு வரி சொல்ல நேரம் இருப்பதில்லை.

தூக்கமில்லாத ராத்திரியில், வேலை போன கவலையிலோ வீட்டுச் சண்டையிலோ இருக்கிற ஒருவர், அழுகையை நிறுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுகிறார். கைக்குழந்தைக்கு உடம்போடு பார்க்கையில் தலை கனம், கழுத்து வலுவற்றது. குலுக்கலில் மூளை மண்டை ஓட்டுக்குள் முன்னும் பின்னும் ஆடி, மூளையின் மேற்பரப்பிலிருந்து போகும் மெல்லிய ரத்த நாளங்கள் அறுந்து கசியும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போகலாம். அப்புறம் நடப்பதுதான் இதில் மிகக் கொடுமை. குழந்தை அமைதியாகிவிடுகிறது. மூளை அடிபட்டு மயங்கியதை, தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் மறுபடி அழும்போது மறுபடியும் குலுக்குகிறார்கள். 2010-ல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வில், குலுக்கியதை ஒப்புக்கொண்ட 29 பேரில் பாதிப் பேருக்கு மேல் அதைத் திரும்பத் திரும்பச் செய்திருந்தார்கள். அப்படிச் செய்தால் அழுகை நிற்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இவர்கள் எங்கோ இருக்கும் அரக்கர்கள் என்று நினைப்பது வசதியாக இருக்கலாம். நெதர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் பெயர் கேட்காமல் விசாரித்தபோது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள், அழுகை தாங்காமல் ஒருமுறையாவது வாயை மூடி அமுக்கியதாகவோ அறைந்ததாகவோ குலுக்கியதாகவோ சொன்னவர்கள் 5.6 சதவீதம். 2004-ல் வந்த கணக்கு இது. நூறு வீட்டில் ஐந்தாறு வீடு. அதனால்தான் சொல்கிறேன், குழந்தை பெற்ற எல்லா வீட்டுக்கும் இந்த ஒரு பேச்சு போய்ச் சேர வேண்டும்: தாங்க முடியவில்லை என்றால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். பத்து நிமிஷம் அழட்டும். அழுது குழந்தை சாகாது. யாருக்காவது போன் போடுங்கள். தாயிடம் மட்டும் சொன்னால் போதாது, தகப்பனை உட்கார வைத்துச் சொல்லுங்கள். தலைக்காயங்களில் குலுக்கியவர் பெரும்பாலும் ஆண்தான்.

அடிப்பதைப் பற்றியே எழுதிவிட்டேன். கவனிக்காமல் விட்டும் குழந்தைகள் சாகின்றன, அது சத்தமில்லாமல் நடக்கிறது. பட்டினி கிடக்கும் குழந்தை ஒரு கட்டத்துக்கு மேல் அழாது, அழத் தெம்பு இருக்காது. பார்க்க வருகிறவர்கள் ‘சமத்துக் குழந்தை, சத்தமே இல்லை’ என்பார்கள். எடை அட்டையைப் பாருங்கள். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். ஐந்து மாதத்தையொட்டி இரண்டு பங்காக வேண்டும். அந்தக் கோடு ஏறாமல் படுத்திருந்தால் யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பால் பவுடரைக் கட்டுப்படியாக்க நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்போடு வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது பாலும் ஒரு துணையும்தான்.

தாயின் மனநிலையையும் கேட்க வேண்டும். பிரசவமான பெண்களில் ஏறக்குறைய 13 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு, முக்கியமாக மனச்சோர்வு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குப் புத்தி கலங்கும் அளவுக்குத் தீவிரமான நோய் வரும், பிரசவமாகி முதல் சில வாரங்களுக்குள். தூக்கமே இல்லாமல், யாரோ பேசுவது கேட்கிறது, குழந்தைக்குள் ஏதோ இருக்கிறது என்று சொல்கிற பெண்ணை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ‘குழந்தையை ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு சிஸ்டர்’ என்று என்னிடம் ஒரு பெண் சொன்னாள். பக்கத்தில் நின்ற மாமியார் அவள் வாயைப் பொத்தப் போனார். அந்த வாயைப் பொத்தக் கூடாது. அப்படிச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கன்றியதெல்லாம் அடி இல்லை. மாநிறக் குழந்தைகளுக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும், அது காயமே இல்லை. வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் கசியும். எலும்பு எளிதில் முறிகிற பிறவி நோய் உண்டு. இதையெல்லாம் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள். பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை மருத்துவரிடம் காட்ட வைத்தால் போதும். ‘அவங்க குடும்ப விஷயம்’ என்று ஒதுங்காமல் இருந்தால் போதும். குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டனை கிடைக்கும்போது குழந்தை இருப்பதில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தற்கொலைச் செய்தி வந்தால் அதன் கீழே உதவி எண்ணைப் போடுகிறீர்கள், நல்ல காரியம். கைக்குழந்தை இறந்த செய்தியின் கீழும் குழந்தைகள் உதவி எண்ணைப் போடுங்கள். கூடவே ஒரு சின்னக் கட்டம்: தவழாத குழந்தைக்குக் கன்றல், வாய்க்குள் ரத்தம், எடை ஏறாமை, காரணமில்லாத சோர்வும் வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று. உங்கள் நிருபர்களிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை போலீஸ் நிலையத்தில் கைதானவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும்போது இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்கட்டும்: இந்தக் குழந்தையை இதற்கு முன்னால் யாரிடம் காட்டினார்கள், அப்போது உடம்பில் என்ன இருந்தது, கடைசியாக எடை பார்த்தது எப்போது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் பிரிவுச் செவிலியர்