தோளில் சுமக்கும் கருவிக்கு ரோட்டரி எஞ்சின் தீர்வாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடமைப்புப் பேட்டைகளிலும் சாலையோரங்களிலும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வேலை செய்யும் ஊழியர்களின் கைகளை அதன் அதிர்வு எப்படி வருத்துகிறது என்பதை, அந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நான் அருகிலிருந்து அறிவேன். நெடுங்காலம் அதிர்வைத் தாங்கும் விரல்கள் மரத்துப்போவதும் இரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப்போவதும் மருத்துவர்கள் நன்கறிந்த பாதிப்பு. ஜப்பானின் மஸ்டா கார் நிறுவனம் 2023இல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரி எஞ்சினை மீண்டும் கொண்டுவந்த பிறகு, அதையே சிறிதாக்கி இக்கருவிகளில் பொருத்தினால் இந்தத் துன்பம் தீர்ந்துவிடும் என்று எங்கள் தொழிலில் சிலர் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான எஞ்சினில் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திசை திரும்புகிறது. அந்த உதறல்தான் கைப்பிடி வழியாக ஊழியரின் கைக்கு வந்து சேர்கிறது. ஜெர்மானியர் ஃபீலிக்ஸ் வாங்கலின் பெயரால் அறியப்படும் ரோட்டரி எஞ்சினிலோ, நடுவில் சற்றே ஒடுங்கிய கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒரே திசையில் சுழல்கிறது. அது ஒருமுறை சுற்றுவதற்குள், எஞ்சினின் விசையை வெளியே கொண்டுவரும் தண்டு மூன்று முறை சுற்றிவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு கிடைக்கும். வால்வு கிடையாது. எதிரெடைகளைக் கொண்டு அதிர்வை ஏறத்தாழ முழுமையாக அடக்கிவிடலாம். ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1970வாக்கில் சுமார் 5 சிசி அளவில் மாதிரி விமானங்களுக்கு இத்தகைய எஞ்சினை விற்றது. அதே பத்தாண்டில் ஜெர்மனியின் டோல்மார் நிறுவனம் வாங்கல் எஞ்சின் பொருத்திய மரம் அறுக்கும் இயந்திரத்தையே சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகவே கைக்கருவியில் இதைப் பொருத்தும் எண்ணம் புதிதன்று. செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பாகங்கள் குறைவு, எனவே கோளாறும் குறைவு என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரிங் வட்டமானது, வட்டமான சிலிண்டரில் சீராக அமர்கிறது, தேய்ந்தால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். ரோட்டரின் மூன்று முனைகளிலும் அதே வேலையைச் செய்யும் சீல்களோ மெல்லிய கோடாக மட்டுமே சுவரைத் தொடுகின்றன. தொடும் கோணமும் ஓயாமல் மாறுகிறது. அவை துள்ளினால் கூட்டின் உட்பூச்சில் வரிவரியாகத் தழும்பு விழும், பிறகு கூட்டையே மாற்ற நேரிடும். 1967இல் வந்த என்எஸ்யூ ஆர்ஓ 80 காரின் பெயரைக் கெடுத்தது இந்தச் சீல் கோளாறுதான். மஸ்டா பொறியாளர்கள் பல ஆண்டுகள் போராடி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்; அவர்களின் நான்கு ரோட்டர் எஞ்சின் 1991இல் லெ மான் பந்தயத்தையே வென்றது.

ஆனால் காருக்குக் கிடைத்த வெற்றி சிறு எஞ்சினுக்கு அப்படியே வந்துவிடாது. எஞ்சினின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் உட்சுவரின் பரப்பு நான்கில் ஒன்றாகிறது, எரியும் வாயுவின் கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அதாவது, வெப்பத்தை உறிஞ்சும் சுவர் ஒப்பளவில் இரு மடங்காகிறது. ஏற்கெனவே நீண்டு தட்டையாக இருக்கும் எரியறையின் ஓரங்களில் சுடர் எட்டாமல் பெட்ரோல் எரியாது போகிறது. சீல் இடுக்குகளில் கசியும் வாயுவின் பங்கும் கூடுகிறது. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் வெடிப்பின் சூட்டிலும் மறுபக்கம் எப்போதும் உள்ளே வரும் குளிர்ந்த கலவையிலும் இருப்பதால் அது சீராக விரிவதில்லை. போகும் புகையும் கடுஞ்சூடானது. நம் ஊர் வெயிலில், உடலோடு ஒட்டிய கருவியில் அந்தச் சூட்டை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எடை குறைவாகவும் அதிர்வு அற்றதாகவும் இருக்க வேண்டும், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓட வேண்டும், குறித்த மணி நேரத்திற்குப் பின் தேர்ந்த கைகள் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பொருந்துமிடத்தில் ரோட்டரிக்கு நிகரில்லை. நம் சிங்கப்பூர் ஆகாயப் படை பயன்படுத்திவந்துள்ள ஹெர்மிஸ் 450 ஆளில்லா விமானத்தின் பின்புற விசிறியைச் சுழற்றுவது சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட ரோட்டரி எஞ்சின்தான். மஸ்டா எம்எக்ஸ்-30 காரின் 830 சிசி ரோட்டரி எஞ்சினும் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. மின்சாரம் தயாரிப்பதோடு அதன் வேலை முடிகிறது.

கையில் பிடிக்கும் கருவிக்கு, சுழல்வதைத் தவிர வேறு அசைவே இல்லாத மின்மோட்டார் இருக்கிறது. பேட்டரியின் எடையும், அடர்ந்த புல்லில் அது விரைவில் தீர்ந்துவிடுவதும் மெய்யான குறைகள்தான். ஆயினும் மாற்று பேட்டரிகளை வண்டியில் கொண்டுசெல்லும் ஒப்பந்த நிறுவனத்தால் அவற்றைச் சமாளிக்க முடியும். குத்தகை விடும் நகர மன்றங்கள் விலையோடு கருவியின் அதிர்வு அளவையும் கேட்டுப் பெற்றால் இந்த மாற்றம் விரைவுபடும்.

அதுவரை பெட்ரோல் கருவிகளை வைத்திருக்கும் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்கள் வெடித்திருந்தாலோ வெட்டும் தகடு ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். செலவு மிகச் சிறிது. வித்தியாசத்தை ஊழியரின் கை அன்றே உணரும்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் பழுதுபார்ப்பவர்,
ஈசூன்