புது வீட்டுப் பூச்சித் தொல்லை: மருந்து அடிக்க வேண்டிய இடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டலூர் தொடங்கி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி, ஆண்டுதோறும் புதிய குடியிருப்புகள் எழுந்துவருகின்றன. அங்கே குடிபுகுவோரில் பலர், கிரகப்பிரவேசம் முடிந்த முதல் மழைக்காலத்திலேயே, விளக்கைச் சுற்றும் பூச்சிகளையும் சுவரில் ஓடும் சிலந்திகளையும் கண்டு கலங்கி, வீடு முழுவதும் மருந்து அடிக்க ஆள் தேடுகிறார்கள். இப்பகுதியில் வீடு கட்டிக் குடியிருப்பவன் என்ற முறையில், அந்தப் பணமும் நஞ்சும் பெரும்பாலும் தவறான இடத்தில் கொட்டப்படுகின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் அதிகமாக அடிபட்டுச் சாவது, உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்கும் பழுப்பு நிற எட்டுக்கால் பூச்சிதான். அது வலை பின்னுவதில்லை. இரவில் ஓடித் திரிந்து கரப்பான்பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. பெண் சிலந்தி, நாணயம் போன்ற தட்டையான வெளிறிய முட்டைப் பையை உடலின் அடியில் இடுக்கிக்கொண்டு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நசுக்கவோ பிடிக்கவோ முயன்றாலன்றி அது கடிக்க வருவதில்லை. வீட்டுக்குள் வேண்டாம் என்றால், ஓர் அகன்ற பாத்திரத்தை அதன்மேல் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகித் தோட்டத்தில் விட்டுவிடலாம். கூரை மூலைகளில் வலை கட்டும் சிறு சிலந்திகளுக்கோ ஒட்டடைக் கம்பே போதும்.

சிலந்தியின் மீது விழும் பழிகளில் ஒன்று முற்றிலும் அநியாயமானது. மழைக்காலத்தில் கழுத்திலும் கண்ணோரத்திலும் கோடு இழுத்தாற்போல் சிவந்து, எரிந்து, கொப்பளிக்கும் புண்ணைக் கண்டதும், இரவில் சிலந்தி ஊர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அதற்குக் காரணம் பெடரஸ் என்னும் சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமும், கருத்த தலையும், ஆரஞ்சு நிற உடலும், முதுகின் நடுவே நீலம் கலந்த கருமையும் கொண்ட இது, வயலில் பயிரைத் தாக்கும் பூச்சிகளை உண்டு உழவருக்கு உதவுவது. இரவில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் இந்த வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நாம் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடலிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலில் பரவுகிறது. ஒரு நாள் கழித்தே கொப்பளம் தெரிவதால் உண்மைக் காரணம் யாருக்கும் புலப்படுவதில்லை. மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பொழுது சாயும் முன்பே கொசுவலை அடித்த சன்னல்களைச் சாத்துவதும், படுக்கையருகே விளக்கை அணைத்துவைப்பதும் எந்த மருந்தையும்விட இதற்குப் பயன் தரும். பூச்சி வரத்துக் குறைந்தால், இரை தேடி வரும் சிலந்திகளும் தாமாகவே குறையும்.

உண்மையில் மருந்து தேவைப்படுவது கரையானுக்குத்தான். அதற்கான வேளையோ வீடு எழும்புவதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 விதிமுறையின் இரண்டாம் பகுதி, அஸ்திவாரக் குழியிலும், தளம் போடும் முன் நிரப்பு மண்ணின் மேற்பரப்பிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதமும், அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் தள்ளும்போது சுவர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் வீதமும் மருந்துக் கரைசல் இறங்க வேண்டும் என்கிறது. என் வீட்டில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் ஒரு வாளிக் கரைசலைப் பூவாளியால் தெளித்ததோடு வேலை முடிந்தது. சென்ட்ரிங் பலகைத் துண்டுகளும் சவுக்குக் கம்பு முனைகளும் நிரப்பு மண்ணுக்குள்ளேயே புதைந்துபோயின; கரையானுக்கு அவையே முதல் தீனி. பின்னர் வாசற்கால் ஓரமாக மெல்லிய மண் கோடு ஏறியது. நிலையைத் தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்டது. வார்னிஷ் பூசிய மேல்தோல் மட்டுமே எஞ்சியிருந்தது. இப்போது சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்த வேண்டியதாயிற்று.

கொசுவுக்கும் புகையடிப்பதைவிட மூடிவைப்பதே சிறந்த தடுப்பு. சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் இடைவெளியின்றி மூடி, செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்ட வேண்டும். பக்கத்து மனையில் சிமென்ட் பூச்சு இறுகுவதற்காக (க்யூரிங்) தேக்கிய நீரை வாரம் ஒருமுறையேனும் வடித்துவிடச் செய்ய வேண்டும்.

மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அதன் பெயரைக் கேட்டறிவது நம் உரிமை. முன்பு வீடுகளிலும் தெளிக்கப்பட்டுவந்த டைக்ளோர்வாஸ் என்னும் பூச்சிக்கொல்லி, 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பெர்மெத்ரின் என்னும் மற்றொரு பூச்சிக்கொல்லியோ பூனைகளுக்குக் கொடிய நஞ்சு.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை, அச்சட்டத்துக்கு உட்பட்ட கட்டுநரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. கரையான் தடுப்பை முறையாகச் செய்யாததும் இக்குறைகளில் ஒன்றாகவே வெளிப்படையாகக் கருதப்பட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு அடர்த்தியில், எந்தெந்தக் கட்டத்தில், எந்த நாளில் இடப்பட்டது என்ற விவரங்களோடு கையொப்பமிட்ட சான்றைச் சாவியோடு சேர்த்து வழங்குவதைக் கட்டாயமாக்குமாறும், கட்டட நிறைவுச் சான்று அளிக்கும்போது அதைச் சரிபார்க்குமாறும் அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஊரப்பாக்கம்.