அந்த வெள்ளைச் சட்டை

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
20.4.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரைதான் ஏறி இறங்குது. ஈஸ்டர் பிரியாணியை ரெண்டு வேளை சாப்பிட்டா ஏறாம என்ன பண்ணும்? போன் இருக்கும்போது இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு பதறாதே. போன்ல நான் ஒண்ணு ஆரம்பிச்சா நீ ஒண்ணு கேப்பே, நடுவுல உன் ஆபீஸ் கால் வரும். எழுதினா நீ குறுக்க பேச முடியாது.

தொண்டை எப்படி இருக்கு? மாப்பிள்ளை போன வாரம் பேசும்போது உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னார். வேற எதுவும் சொல்லலை. மிளகைப் பொடிச்சு, மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டுப் பாலைக் காய்ச்சி ராத்திரி குடி. ஃபிரிட்ஜ் தண்ணி வேண்டாம். பெங்களூர் குளிருக்கு ஃபிரிட்ஜ் தண்ணி எதுக்குன்னு நானும் எட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

15ஆம் தேதியிலேருந்து மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சு. ஜூன் 14 வரைக்கும் 61 நாள். காசிமேட்டுல விசைப்படகெல்லாம் வரிசையா நிக்குது, பெயின்ட் வாசனைதான் வருது, மீன் வாசனை இல்ல. ஃபைபர் போட்டுக்காரங்க கொண்டு வர்றதுதான் மீன். அதுவும் கையை வச்சா சுடுது. நேத்து சங்கரா கேட்டுட்டு முட்டை வாங்கிக்கிட்டு வந்தேன்.

முட்டைன்னதும் ஞாபகம் வருது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு உன் ஞாயித்துக்கிழமை மறைக்கல்விப் பிள்ளைங்க கலர் அடிச்ச முட்டையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ அனுப்புவே. பெரியம்மா வீட்டுக்கெல்லாம் அதைக் காட்டுவேன். இந்த வருஷம் பிரியாணி அண்டா போட்டோ அனுப்பியிருந்தே. கறி நல்லா வெந்திருந்த மாதிரிதான் தெரிஞ்சுது. நான் ஒண்ணும் கேக்கலை.

நாளைக்குப் போப் பிரான்சிஸ் இறந்து ஒரு வருஷம். போன வருஷம் உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்கு வண்டியில உக்காந்து கூட்டத்தைச் சுத்தி வந்தாரே, டிவியில பார்த்தோமே, அவருக்குக் குரலே வரலை. ஆனாலும் வந்தாரு. மறுநாள் காலையில போயிட்டாரு. தொண்டையைப் பத்தி நான் ஏன் திரும்பத் திரும்பக் கேக்கறேன்னு உனக்குப் புரியும்.

2021 மே 10ஆம் தேதி அவர் ஒரு ஆணை எழுதினாரு, ஞாபகம் இருக்கா? மறைக்கல்வி சொல்லித் தர்றது ரொம்பப் பழமையான பணி, இனிமே அது திருச்சபையில பொதுநிலையினருக்கான ஒரு நிலையான பணின்னு. இங்க முழு ஊரடங்கு ஆரம்பிச்ச அதே நாள். கோயில் பூட்டிக் கிடந்துச்சு. நீதான் போன் பண்ணி வரி வரியா படிச்சுக் காட்டினே. உங்க கொள்ளுத் தாத்தா உபதேசியார், சைக்கிள் கூட இல்லாம கிராமம் கிராமமா நடந்தவரு, அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் காகிதம்னு சொன்னே. நான் தையல் மிஷின்ல தலையை வச்சு அழுதேன். முப்பத்தோரு வருஷம் ஞாயித்துக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டதுக்கு யாரோ ரோம்ல இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம வீட்டுல எத்தனை பேர் என்னென்னவோ ஆனாங்க, நீ டீச்சர் ஆனதுதான் எனக்குப் பெருமை. ஆபீஸ்ல டீம் லீடர் ஆனதைச் சொல்லலை, அது வேற.

இப்படி இருந்தவ, ஆறு வருஷம் எடுத்த கிளாஸை... சரி, விடு.

மேல ஒரு பொய் எழுதியிருக்கேன். மாப்பிள்ளை வேற எதுவும் சொல்லலைன்னு எழுதினேன் இல்ல, அது பொய். வாய் தவறிச் சொல்லிட்டாரு. தவக்காலம் பாதியிலயே மறைக்கல்வி கிளாஸ் அலமாரிச் சாவியை ஃபாதர் கையில குடுத்துட்டியாம். காரணம் கேட்டேன், "அவளே சொல்லுவா அத்தை"ன்னு முழுங்கிட்டாரு. அவரைத் திட்டாதே. பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

நானா காரணம் தேடிப் பார்த்தேன். வாட்ஸ்அப்ல அம்மாமாருங்க தொல்லையா? "டியூஷன் இருக்கு, கிளாஸை அரை மணி நேரமாக்குங்க"ன்னு கேக்கிறவங்க இங்கயும் இருக்காங்க. பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்க வராததா? புது ஃபாதரா? எது வேணா இருக்கட்டும். ஆனா என் மனசு போய் நிக்கிற இடம் அது இல்ல. சாம்பல் புதன் கழிஞ்ச வாரம் நீ போன்ல கேட்டே: "அம்மா, நீ நம்பித்தான் சொல்லிக் குடுத்தியா, இல்ல புஸ்தகத்துல இருந்ததைச் சொல்லிக் குடுத்தியா?" நான் குக்கர் விசில் அடிக்குதுன்னு போனை வச்சேன். குக்கர் அன்னிக்கு அடுப்புலயே இல்ல.

அந்தக் கேள்வி ரெண்டு மாசமா என் கூடவே இருக்கு. பெரிய வியாழன் அன்னிக்குப் பாதம் கழுவும்போதும் இருந்துச்சு, பெரிய சனி ராத்திரி பாஸ்கா மெழுகுதிரிக்குப் பின்னாடி இருட்டுல நடக்கும்போதும் இருந்துச்சு. தோமா வாசகம் வந்த ஞாயிறு ஃபாதர் பிரசங்கம் வச்சாரு, நான் வேற யோசிச்சேன். பன்னிரண்டு பேர்ல சந்தேகப்பட்ட ஆளைத்தான் ஆண்டவர் நம்ம ஊர்ப் பக்கம் அனுப்பியிருக்காரு. தோமையார் மலைன்னு சொல்ற பரங்கிமலைக்கு உன்னை எத்தனை தடவை இழுத்துக்கிட்டுப் போயிருக்கேன், இதை ஒரு தடவையாவது சொன்னேனா?

நேத்து, உயிர்த்த ஆண்டவர் யாருன்னு தெரியாமலே ரெண்டு சீடருங்க அவர் கூட நடந்து போன எம்மாவு வாசகம். எருசலேம்ல இருந்து பதினொரு கிலோமீட்டர், நமக்கு எண்ணூர்ப் பக்கம் போற தூரம். "அவர் மீட்பார்னு எதிர்பார்த்தோமே"ன்னு அந்த ரெண்டு பேரும் சொல்றாங்க. எதிர்பார்க்கிறோம்னு இல்ல, எதிர்பார்த்தோம்னு. அந்த இடத்துல எனக்கு உன் குரல்தான் கேட்டுச்சு. கூட நடந்தவரு எடுத்ததும் வேதம் நடத்தலை, என்ன பேசிக்கிட்டு வர்றீங்கன்னுதான் கேட்டாரு. புத்தியில்லாதவங்களேன்னு திட்டினது அப்புறம்தான். நான் எப்பவும் திட்டை முதல்ல வச்சுடுவேன்.

ஆனா நான் சொல்ல வந்தது இன்னொரு வாசகம். உயிர்ப்பு வாரத்து வெள்ளிக்கிழமை, 10ஆம் தேதி காலைப் பூசையில, திபேரியக் கடல். ராத்திரி பூரா சீடருங்க வலை போட்டு ஒண்ணும் படாம வர்றாங்களே, கரையில ஆண்டவர் கரி நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வச்சிருக்காரே, அது. நம்ம பேட்டைப் பேரே பேதுருங்கிற இராயப்பர் பேரு, இந்த வாசகம் வந்தா நம்ம வீட்டுக் கதை மாதிரித்தான். கிளாஸ்ல 153 மீனை யார் எண்ணினதுன்னு கேள்வி கேட்டு மிட்டாய் குடுப்பேன்.

ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ராத்திரி பூரா சும்மா சுத்திட்டு வந்தா டீசல் துட்டு யார் குடுப்பா?"ன்னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது. நான் அவனை வாயை மூடிக்கிட்டு உக்காருன்னேன். யார்னு உனக்குத் தெரியும். ஐசு.

2001. நீ முதல் தடவை நற்கருணை வாங்கின புதுநன்மை வருஷம். தடைக்காலம்னு ஒண்ணை முதல் முதலா கொண்டு வந்த வருஷமும் அதுதான், அப்ப 45 நாள். அவங்க அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவரு. பையன் விடியக்காலையில காசிமேட்டுல ஐஸ் வண்டி தள்ளிட்டு ஈரக் காலோட கிளாஸுக்கு வருவான், பெஞ்சுல தலை வச்சுத் தூங்குவான். நீ முழங்கையால இடிச்சு எழுப்புவே. அவங்க அம்மா வெள்ளைத் துணி வாங்கிக் குடுத்து, "கூலியை படகு போனதும் தர்றேன் டீச்சர்"னு சொன்னாங்க. நானும் சட்டை தச்சு, காஜா எடுத்து, பொத்தான் வச்சு, இஸ்திரி போட்டு வச்சிருந்தேன்.

புதுநன்மைக்கு முந்தின வாரம் செபம் ஒப்பிக்கச் சொன்னேன். விசுவாசப் பிரமாணம். "போஞ்சு பிலாத்து" வரைக்கும் வந்தான். "சிலுவையில் அறையுண்டு மரித்து அடக்கம் செய்யப்பட்டார்" வரைக்கும் வந்தான். அதுக்கு மேல வரலை. மூணு தடவை சொல்லச் சொன்னேன். மூணு தடவையும் அடக்கத்துலயே நின்னான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், போன்னு அனுப்பிட்டேன்.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லலை. ஃபாதர்கிட்ட நான் கேக்கக் கூட இல்ல. லிஸ்ட்டுல நானே அடிச்சேன். என் கிளாஸ்னா ஒரு பிள்ளையும் திணறாதுன்னு ஒரு பேர் இருந்துச்சு, அந்தப் பேருக்காக அடிச்சேன்.

பவனியில நிக்கும்போது நீ கேட்டே, "அம்மா, ஐசு எங்க?" அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னேன். எங்கயும் போகலை பாப்பா. ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தாங்க. அடுத்த வருஷம் அவன் வரலை. அவங்க அம்மா சட்டையை வாங்கவும் வரலை. துணிக் காசை நான் திருப்பிக் குடுத்திருக்கணும், குடுக்கலை. மூணு வருஷம் பீரோவுல இருந்துச்சு. அப்புறம் தம்பிக்குப் போட்டு விட்டேன். கூடத்துல மாட்டியிருக்கிற போட்டோவுல தம்பிக்குக் கை நீளமா தொங்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்களே, அந்தச் சட்டைதான் அது.

நம்பித்தான் சொல்லிக் குடுத்தியான்னு கேட்டே இல்ல. நம்பினேன். ஆனா நம்பிக்கைன்னா மனப்பாடம்னு நினைச்சிருந்தேன். பசியோட வந்தவங்களை அவர் முதல்ல "வாங்க, சாப்பிடுங்க"ன்னுதான் கூப்பிட்டாரு. இராயப்பர்கிட்ட மூணு தடவை கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடிச்ச அப்புறம். அந்த வாசகத்தை முப்பத்தோரு தடவை நடத்தியிருக்கேன், எனக்கு அந்த வரிசை கண்ணுல படலை. அந்த 10ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் பட்டுச்சு, அறுபத்தாறு வயசுல. அதனால நீ ஆறு வருஷத்துல வறண்டு போயிட்டேன்னு நினைச்சா அதுல எனக்கு அதிசயம் இல்ல. திட்டவும் இல்ல.

ஆனா சாவியைக் குடுக்கிறதுக்கு முன்ன அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாம இருக்க முடியலை.

தவக்காலம் நாப்பது நாள்னா ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை, ஒருசந்தி, உண்டியல் டப்பான்னு நாமளும் ஓடுறோம், பிள்ளைங்களையும் ஓட்டுறோம். உயிர்ப்புக் காலம் அம்பது நாள். அதை ஒரே நாள் பிரியாணியோட முடிச்சுடுறோம். இன்னும் முப்பத்தஞ்சு நாள் பாக்கி இருக்கு. கிளாஸ் எடுக்காட்டிப் பரவாயில்ல. காலையில பத்து நிமிஷம் அந்தத் திபேரியக் கடல் வாசகம் வர்ற யோவான் 21ஆம் அதிகாரத்தை மட்டும் வாசி, குறிப்பு எடுக்காதே, பாடம் தயார் பண்ற மாதிரி வாசிக்காதே. நமக்கு எதை வாசிச்சாலும் இதைப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் புத்தி போகும். அதுலதான் வறண்டு போறோம்னு தோணுது. மிளகுப் பாலையும் மறந்துடாதே.

இன்னொண்ணு. போன மாசம் நம்ம ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, புதுநன்மைப் பிள்ளைங்களுக்கு ஆள் இல்ல, மே வரைக்கும் வர முடியுமான்னு கேட்டாரு. முட்டி வலின்னு சொல்லிப் பார்த்தேன், விடலை. மொத்தம் பதினாலு பிள்ளைங்க. போன ஞாயிறு ஒரு பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவங்க அப்பா வந்தாரு. தொப்பை, நரைச்ச மீசை. "இன்னா டீச்சர், அடையாளம் தெரியலையா? ஐசு டீச்சர்"ன்னான். கல்யாணம் எங்க, எப்படி ஆச்சு, இப்ப பூசைக்கு வர்றானா, எதுவும் கேக்க எனக்கு வாய் வரலை. "பாப்பாவுக்கு ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது டீச்சர், என்னைய மாதிரி. கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னான். ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொன்னானா, சும்மா சொன்னானா, தெரியலை. உன்னைக் கேட்டான். பெங்களூர்ல டீச்சரா இருக்கான்னு சொன்னேன். சந்தோஷப்பட்டான்.

இன்னும் அவன்கிட்ட நான் எதையும் பேசலை. வர்ற ஞாயிறு பேசணும். கிளாஸுக்கு முன்ன பன்னும் டீயும் குடுக்கிறதுக்கு மட்டும் டீக்கடையில சொல்லி வச்சிருக்கேன். ஃபாதர் எதுக்குன்னு கேட்டாரு, பைபிள்ல இருக்குன்னேன்.

மே 24 தூய ஆவியார் பெருவிழா அன்னிக்குப் புதுநன்மை. அந்தப் பொண்ணுக்குக் கவுன் நானே தைக்கிறேன்னு சொல்லிட்டேன். எம்.சி. ரோட்டுல துணி எடுத்தாச்சு. அளவும் எடுத்துட்டேன், ஒல்லிப் பொண்ணு. கழுத்துக்கு லேஸ் வைக்கவா, உனக்கு வச்ச மாதிரி சின்னக் காலர் வைக்கவான்னு ரெண்டு நாளா வெட்டாம வச்சிருக்கேன். எனக்கு இப்பல்லாம் கண்ணு பிடிபடலை. உன் கவுன் போட்டோ உன்கிட்டதான் இருக்கு. பார்த்துட்டு எதுன்னு சொல்லு. வாட்ஸ்அப்ல போடாதே, போன் பண்ணு. குக்கர் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா